சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள், கேட்டவர்கள் ஏன் சொல்வதில்லை?

வாசகர் ஒருவர் கேட்டது: "நான் வேலை செய்யும் இடத்தில் போன வாரம் ஒரு பயிற்சி வைத்தார்கள். யாராவது ஆட்களைக் குறிவைத்துத் தாக்கத் திட்டமிட்டால் அதை முன்கூட்டியே எப்படிக் கவனிப்பது, யாரிடம் சொல்வது என்று அரை நாள் பேசினார்கள். எனக்கு ஒப்பவில்லை. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கச் சொல்லிக் கொடுப்பது போல இருந்தது. அதைவிட அடிப்படையான சந்தேகம் ஒன்று. கொலை செய்யப் போகிறவன் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டா செய்வான்?"

பிப்ரவரி 3

ஊரைக் கூட்டிச் சொல்வதில்லை. யாரோ ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் அதிபரைப் பாதுகாக்கும் சீக்ரெட் சர்வீஸும் கல்வித் துறையும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். ஒவ்வொரு சம்பவத்தின் கோப்பையும் படித்தார்கள், தாக்கியவர்களில் சிலரிடம் நேரிலும் பேசினார்கள். ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட சம்பவங்களில், இவன் ஏதோ செய்யப் போகிறான் என்று குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்திருந்த சம்பவங்களில் 93 சதவீதத்தில், தெரிந்து வைத்திருந்தது நண்பனோ, கூடப் படிப்பவரோ, உடன்பிறந்தவரோதான். பெரியவர்கள் காதுக்கு எட்டியது மிகச் சிலவற்றில் மட்டும்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயம் மட்டும் இல்லை இது. தனியாளாகப் பயங்கரவாதத் தாக்குதல் நடத்தியவர்கள், நடத்த முயன்றவர்கள் 119 பேரைப் பற்றி பால் கில் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2014இல் எழுதினார்கள். அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் நோக்கம் குடும்பத்துக்கோ நண்பர்களுக்கோ தெரிந்திருந்தது.

நான் பள்ளியில் பாடம் நடத்துகிறவன். இப்படிப்பட்ட தகவல் வந்தால் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் குழுவில் பல வருடங்களாக இருக்கிறேன். நீங்கள் போய் வந்த மாதிரியான பயிற்சியைப் பெற்றோர்களுக்கும் ஊழியர்களுக்கும் நடத்தவும் செய்கிறேன். வேவு பார்க்கிற வேலையா இது என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். வரவும் வேண்டும். அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

சுருக்கமாக ஒன்று. வேவு பார்ப்பது என்றால் தெரியாததைத் தேடிப் போவது. இங்கே பேசுவது ஏற்கெனவே காதில் விழுந்ததைப் பற்றி. நண்பன் சொன்னது, தம்பி எழுதி வைத்திருந்தது, கூட வேலை செய்கிறவர் நாலாவது முறையாகச் சொன்னது. அதைக் கேட்டவர் தூக்கம் கெட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார், என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பயிற்சி அவருக்காகத்தான்.

பிப்ரவரி 6

"அறிகுறிகள் என்னென்ன, பட்டியல் கொடுங்கள்" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பட்டியலாகக் கொடுக்க எனக்குத் தயக்கம். பட்டியல் கையில் கிடைத்தால் ஆட்கள் மூளையை வைத்துவிட்டு டிக் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பேச்சாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மனக்குறை. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம். அது எல்லோருக்கும் வரும், பிறகு ஆறும். இங்கே ஆறாது. ஆளின் முழு நாளையும் அது தின்ன ஆரம்பிக்கும். எந்தப் பேச்சை எடுத்தாலும் அந்த மேலாளர், அந்தப் பெண், அந்தச் சமூகம் என்று அதிலேயே போய் நிற்கும். அடுத்து, இதற்கு வன்முறைதான் ஒரே வழி என்ற முடிவு. இந்தக் கட்டத்தில் பழைய தாக்குதல்காரர்களைப் பற்றி வியந்து பேசுவது, அவர்கள் பெயரைத் தன் கணக்குக்கு வைத்துக்கொள்வது, அவர்கள் உடையைப் போலவே வாங்குவதெல்லாம் நடக்கும். அதன் பிறகு காரியம்: ஆயுதம் தேடுவது, இடத்தைப் போய்ப் பார்ப்பது, யார் எப்போது வருகிறார்கள் என்று விசாரிப்பது. கடைசியில் சிலர் தங்கள் பொருள்களை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். "இனி என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்பார்கள். இத்தனைக்கும் நடுவில் எங்கேயாவது பேச்சு கசியும். துறையில் இருப்பவர்கள் அதைக் கசிவு என்றே சொல்கிறார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் மேரி எலன் ஓ'டூல் பள்ளித் தாக்குதல்கள் பற்றி 2000இல் எழுதிய அறிக்கையில் இதற்கு முக்கிய இடம் கொடுத்திருந்தார்.

ஒன்றை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கோபத்தில் "கொன்றுவிடுவேன்" என்று சொல்லாதவர் யார்? முன்பு இல்லாத மாற்றமா, ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருகிறதா, பேச்சிலிருந்து செயலுக்கு நகர்கிறதா என்பதுதான் கேள்வி.

எவை அறிகுறி இல்லை என்பதையும் இதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். நிறம், மதம், பிறந்த நாடு, தாடி, கறுப்புச் சட்டை, யாரோடும் பேசாமல் இருப்பது, வீடியோ கேம் விளையாடுவது எதுவும் அறிகுறி கிடையாது. 2002 ஆய்வே தாக்குகிறவர்களுக்கென்று பொதுவான உருவம் எதுவும் இல்லை என்று எழுதிவிட்டது. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் இருந்தான், தோற்றவனும் இருந்தான். நண்பர்கள் நிறைய இருந்தவனும் இருந்தான். மனநோய் பற்றியும் அப்படித்தான். 2000 முதல் 2013 வரை பொது இடங்களில் சுட்ட 63 பேரைப் பற்றி எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருந்தது நான்கில் ஒருவருக்குத்தான். மனநோய் உள்ள எத்தனையோ கோடிப் பேர் யாரையும் தொட்டதில்லை. பயிற்சியில் இதைச் சொல்லாமல் விட்டால், நாம் பாதுகாக்க வேண்டியவர்களையே சந்தேகப் பட்டியலில் ஏற்றி வைக்கிறோம்.

பிப்ரவரி 6, இரவு

மிரட்டல் பற்றி ஒரு சேர்க்கை. மிரட்டுகிறவர்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள் இல்லை, ஆபத்தானவர்கள் எல்லோரும் மிரட்டுவதில்லை. அமெரிக்காவில் தலைவர்களையும் பிரபலங்களையும் தாக்கிய, தாக்க முயன்ற 83 பேரை ராபர்ட் ஃபைனும் பிரையன் வோசெகுவிலும் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். குறிவைத்த ஆளுக்கே நேரடியாக மிரட்டல் அனுப்பியவர்கள் அவர்களில் மிகக் குறைவு. எதிரியிடம் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். அதனால்தான் "மிரட்டல் வந்தால் புகார் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லித் தருகிற பயிற்சி பாதி வழியில் நின்றுவிடுகிறது.

பிப்ரவரி 9

இப்போது எனக்கு முக்கியமான இடம். தெரிந்தவர்கள் ஏன் சொல்வதில்லை?

எஃப்.பி.ஐ.யின் அந்த 2018 ஆய்வில் ஒரு பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கவலை தரும் நடத்தையைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. ஒரே ஆளைப் பற்றிப் பலர் பலவிதமாக நடந்துகொண்டதால் எண்களைக் கூட்டினால் நூறைத் தாண்டும். 83 சதவீத சம்பவங்களில் யாரோ அந்த ஆளிடமே நேரில் பேசியிருக்கிறார்கள். 54 சதவீதத்தில் யாரோ ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறார்கள். காவல்துறைக்குத் தகவல் போனது 41 சதவீதத்தில்.

முதல் எண்ணைப் பாருங்கள். மக்கள் கண்டுகொள்ளாமல் போகவில்லை. தங்களால் முடிந்ததை, அதாவது அவனிடமே பேசுவதை, செய்திருக்கிறார்கள். "ஏண்டா இப்படிப் பேசுற, விடு" என்று சொல்லியிருப்பார்கள். அவனும் "சும்மாதான் சொன்னேன்" என்றிருப்பான். கேட்டவருக்கு அந்தப் பதில் போதும், ஏனென்றால் அவருக்கு அதை நம்பத்தான் விருப்பம்.

வகுப்பில் "உங்கள் தம்பியைப் பற்றி இப்படித் தெரிந்தால் சொல்வீர்களா?" என்று கேட்பேன். கை தூக்குகிறவர்கள் குறைவு. "தெரியாத ஒருவன் என்றால்?" எல்லாக் கையும் மேலே வரும். காரணம் கேட்டால் அலட்சியம் என்று யாரும் சொல்வதில்லை. "அவன் வாழ்க்கை போய்விடுமே" என்பார்கள். "நான் நினைத்தது தப்பாக இருந்தால் அப்புறம் அவன் முகத்தில் எப்படி முழிப்பது" என்பார்கள். குடியேறி வந்த குடும்பங்களில் இன்னொரு அடுக்கும் உண்டு. போலீஸ் வீட்டுக்கு வந்தால் இவனோடு முடியுமா, எங்கள் எல்லோரையும் பிடித்துக்கொள்வார்களா என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவர்களிடம் காரணம் இருக்கிறது.

ஒரு தாய் வகுப்பு முடிந்த பிறகு எல்லோரும் போகும் வரை காத்திருந்து வந்தார் (யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றி எழுதுகிறேன்). மகன் நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டார். மாதக்கணக்கில் அதைப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நான் இதை உங்களிடம் கொடுத்தால், அவனை என்ன செய்வீர்கள்?"

அறிகுறிகளைப் பற்றி நான் பேசியதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். அவருக்கு வேண்டியிருந்த பதில் என் வகுப்பில் இல்லை. அதற்குப் பிறகு நான் பயிற்சி நடத்தும் விதமே மாறியது. சொன்ன பிறகு என்ன நடக்கும், யார் வருவார்கள், முதலில் என்ன கேட்பார்கள், எந்த நிலையில்தான் காவல்துறைக்குப் போகும் என்பதற்குப் பாதி நேரத்துக்கு மேல் கொடுக்கிறேன்.

பிப்ரவரி 10

மேலே எழுதியதற்கு "உடன்பிறந்தவனைச் சொல்லிக்கொடுப்பது மனிதன் செய்கிற காரியமா" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் புரிகிறது. டேவிட் கசின்ஸ்கியைப் பற்றிச் சொல்கிறேன்.

அவருடைய அண்ணன் டெட் கசின்ஸ்கி அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை குண்டுகளை வைத்தும் தபாலில் அனுப்பியும் 3 பேரைக் கொன்றவர், 23 பேரைக் காயப்படுத்தியவர். அவருடைய நீண்ட கட்டுரை 1995 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் வந்தது. முதலில் சந்தேகப்பட்டவர் டேவிட்டின் மனைவி லிண்டா. டேவிட் நம்ப மறுத்தார். பிறகு கட்டுரையைப் படித்தார், அண்ணன் எழுதிய பழைய கடிதங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டார். சொல்லாவிட்டால் இன்னொருவர் சாகலாம். சொன்னால் அண்ணனுக்கு மரண தண்டனை கிடைக்கலாம். வழக்கறிஞர் மூலம் எஃப்.பி.ஐ.யிடம் போனார். 1996 ஏப்ரல் 3 அன்று டெட் கைதானார்.

தகவல் கொடுத்தது யார் என்பதை வெளியே விட மாட்டோம் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்துவிட்டது. அண்ணனுக்கு எதிராக அரசு மரண தண்டனை கேட்டது. கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனையாக முடிந்தது. டெட் 2023இல் சிறையில் இறந்தார், தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லாமலே. பத்து லட்சம் டாலர் வெகுமதியில் வழக்குச் செலவு, வரி போக மிச்சத்தின் பெரும்பகுதியை டேவிட் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார். பிறகு மரண தண்டனைக்கு எதிராக இயங்கினார்.

அவர் செய்தது மனிதன் செய்கிற காரியம். என் மனதில் அதில் சந்தேகமே இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாமல் விட்டதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம். அந்தச் செய்தியைப் படித்த எத்தனை அண்ணன் தம்பிகள், எத்தனை அம்மாக்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 13

"சொன்னார்களே, சொல்லி என்ன ஆனது?" என்று கேட்டு ஒருவர் பார்க்லேண்டைக் குறிப்பிட்டிருக்கிறார். சரியான அடி.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. 2018 பிப்ரவரி 14 அன்று அங்கே ஒரு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஜனவரி 5 அன்றே, சுட்டவனுக்கு நெருக்கமான ஒருவர் எஃப்.பி.ஐ.யின் பொதுத் தகவல் எண்ணுக்கு அழைத்து, துப்பாக்கிகள் வைத்திருக்கிறான், கொல்ல வேண்டும் என்கிறான், பள்ளியில் சுட்டுவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அந்தத் தகவல் மயாமி கிளை அலுவலகத்துக்கு அனுப்பப்படவே இல்லை. எஃப்.பி.ஐ.யே அதை ஒப்புக்கொண்டது.

இது ஒன்று மட்டும் இல்லை. பின்லாந்தில் கவுஹயோக்கி என்ற ஊர், 2008 செப்டம்பர். துப்பாக்கி சுடுவது போன்ற வீடியோக்களை ஒரு மாணவன் இணையத்தில் போட்டிருந்தான். காவல்துறை அவனைக் கூப்பிட்டு விசாரித்தது. துப்பாக்கியைப் பறிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து அனுப்பிவிட்டது. மறுநாள் 10 பேரைக் கொன்றான். அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 1999இல் நடந்த தாக்குதலுக்கு ஒரு வருடம் முன்பே ஒரு குடும்பம், தாக்கியவர்களில் ஒருவனின் மிரட்டல் வலைப்பக்கத்தைக் காட்டிப் புகார் செய்திருந்தது. வீட்டைச் சோதனை போட மனு எழுதப்பட்டது, நீதிபதியிடம் போகவில்லை. இங்கிலாந்தில் 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் கொன்றவனைப் பற்றி, அதற்கு முன் மூன்று முறை பயங்கரவாதப் பாதைக்கு ஆட்கள் போகாமல் தடுக்கும் அரசின் பிரிவென்ட் திட்டத்துக்குத் தகவல் போயிருந்தது. தெளிவான சித்தாந்தம் எதுவும் இல்லை என்று மூடிவிட்டார்கள்.

ஆக, பக்கத்தில் இருந்தவர்கள் வாய் திறந்தார்கள். ஒரு ஆசிரியர், ஒரு பெற்றோர், ஒரு நெருங்கிய ஆள் தன் பங்கைச் செய்து முடித்தார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. மக்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் நேரத்தைவிட, தொலைபேசியை எடுப்பவருக்குப் பயிற்சி கொடுக்க அதிக நேரம் ஆக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதைப் படித்தால் எல்லாமே தோற்றது போலத் தோன்றும். அப்படி இல்லை. தடுக்கப்பட்டவை செய்தியில் ஒரு மூலையில் வந்து போய்விடும். 2006 முதல் 2018 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடக்காமல் தடுக்கப்பட்ட 67 திட்டங்களை சீக்ரெட் சர்வீஸின் மிரட்டல் மதிப்பீட்டு மையம் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டது. பெரும்பாலானவை வெளியே தெரிந்தது திட்டமிட்டவன் யாரிடமோ பேசியதால். தகவல் கொடுத்தவர்களில் முதலிடத்தில் இருப்பவர்கள் சக மாணவர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று நண்பனைப் பற்றிச் சொல்ல வாய் திறப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியும். அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் மாலையில் பத்திரமாக வீட்டுக்குப் போனார்கள்.

பிப்ரவரி 17

"எதையாவது பார்த்தால் எதையாவது சொல்லுங்கள்" என்ற வாசகம் எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கிறதே, அது போதாதா என்று கேள்வி.

அது நியூயார்க் போக்குவரத்து ஆணையம் 2002இல் கொண்டுவந்த வாசகம், 2010 முதல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நாடு முழுக்கப் பயன்படுத்துகிறது. ரயிலில் ஆளில்லாமல் கிடக்கும் பை போன்றவற்றுக்கு அது பொருந்தும். நாம் பேசுகிற விஷயத்துக்கு அது பார்வையைத் தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது. அந்நியனைப் பார், புதிதாக வந்தவனைப் பார், வேறு மாதிரி இருப்பவனைப் பார் என்று மனம் எடுத்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் வந்திருக்கும் மாற்றத்தை. அந்நியனிடம் மாற்றத்தை எப்படிக் காண்பது? நேற்று அவன் எப்படி இருந்தான் என்றே நமக்குத் தெரியாதே.

பிப்ரவரி 20

தவறான சந்தேகம் பற்றி. முதல் கேள்வி கேட்டவரின் மனதில் இருந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

2015இல் டெக்சாஸில் 14 வயது முஸ்லிம் மாணவன் ஒருவன் வீட்டில் தானே செய்த கடிகாரத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனான். வெடிகுண்டு போல இருக்கிறது என்று போலீஸ் வந்து கைவிலங்கு போட்டுக் கூட்டிப் போனது. வழக்கு எதுவும் போடவில்லை, ஆனால் பள்ளியிலிருந்து சில நாள் இடைநீக்கம் செய்தார்கள். அந்தப் பையனின் நடத்தையில் மனக்குறையோ, வெறுப்போ, திட்டமோ எதுவும் இல்லை. பார்த்தவர்கள் அவன் செய்ததைப் பார்க்கவில்லை, அவன் யார் என்பதைப் பார்த்தார்கள். இது பயிற்சி இல்லாததால் வருவது மட்டும் இல்லை, கெட்ட பயிற்சியாலும் வரும்.

கணக்கும் நமக்கு எதிராக நிற்கிறது. இப்படிப்பட்ட தாக்குதல்கள் மிக மிக அபூர்வம். கோபம், தனிமை, வன்முறைப் பேச்சு இவையோ எங்கும் உண்டு. எவ்வளவு நுணுக்கமான சல்லடை போட்டாலும் சிக்குகிறவர்களில் ஏறக்குறைய எல்லோரும் யாரையும் தாக்கப் போகாதவர்களாகவே இருப்பார்கள். அதனால் "இவன் செய்வானா மாட்டானா" என்று ஆரூடம் சொல்லும் வேலையை எந்த நல்ல குழுவும் ஏற்றுக்கொள்ளாது. "இவனுக்கு இப்போது என்ன பிரச்சினை, எதை மாற்றினால் இந்தப் பாதையிலிருந்து விலகுவான்" என்றுதான் கேட்கும். அப்படிக் கேட்டால், தாக்கப் போகாத பிள்ளையைப் பற்றித் தகவல் வந்தாலும் அவனுக்குக் கெடுதல் நடக்காது. பெரும்பாலும் ஏதாவது நல்லது நடக்கும்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டூவி கார்னெல் 2001 முதல் உருவாக்கி வந்த முறையில் இது தெளிவாக இருக்கிறது. போகிறபோக்கில் வந்த மிரட்டலா, உள்ளே வேரூன்றிய மிரட்டலா என்று முதலில் பிரிக்கிறார்கள். முதல் வகை என்றால் பேசி, மன்னிப்புக் கேட்க வைத்து, அங்கேயே முடித்துவிடுவார்கள். வருகிற தகவல்களில் மிகுதி அந்த வகைதான். பள்ளியை விட்டு நீக்குவதை ஒரு தீர்வாக அந்த முறை பார்ப்பதில்லை. நீக்கினால் மனக்குறை கூடும், கண்காணிப்பு போய்விடும், ஆள் முழு நாளும் தனியாக இருப்பான். வெளியே தள்ளிவிட்டால் பிரச்சினையும் வெளியே போய்விட்டது என்று நிர்வாகம் நினைப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைப் போல என்னைப் பயமுறுத்துவது வேறு எதுவும் இல்லை.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு தகவல், படம் வரைந்திருந்த ஒரு மாணவனைப் பற்றியது. வகுப்பறை, துப்பாக்கி, ரத்தம். முதலில் அவனிடம் பேசப் போனவர் அவனுக்குப் பிடித்த ஆசிரியர். படத்தைப் பற்றிக் கேட்காமல் "மதியம் யாரோடு சாப்பிடுகிறாய்" என்று கேட்டார். கழிவறையில் என்ன நடக்கிறது என்பது அப்புறம் வெளியே வந்தது. வாரக்கணக்கில் அடி வாங்கியிருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்ன மாணவி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவள்தான்.

பிப்ரவரி 21

அந்தக் கடைசிப் பத்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று: 2002 ஆய்வில் தாக்கியவர்களில் 78 சதவீதம் பேர் அதற்கு முன் தற்கொலை எண்ணத்திலோ முயற்சியிலோ இருந்திருக்கிறார்கள். கொலராடோவில் கொலம்பைனுக்குப் பிறகு, 2004இல், பெயர் சொல்லாமல் தகவல் தரும் சேஃப்டூடெல் என்ற ஏற்பாடு வந்தது. தாக்குதலைத் தடுக்கத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் அதற்கு அதிகமாக வருவது, "என் நண்பன் தற்கொலை செய்துகொள்வானோ என்று பயமாக இருக்கிறது" என்ற வகைத் தகவல்கள். வழியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் எதற்காக அதைப் பயன்படுத்துகிறார்கள் பாருங்கள்.

பிப்ரவரி 24

பெயர் சொல்லாமல் தகவல் தருவது நல்லதா என்பதில் எனக்கு மனம் இரண்டாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது கட்டாயம் தேவை. பெரியவர்கள் விஷயம் வேறு. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மிஷேல் கிராஸ்மனும் பால் தாமஸும் நடத்திய ஆய்வுகளில், தனக்கு நெருக்கமானவரைப் பற்றிச் சொல்ல வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேசத்தான் விரும்பினார்கள். முகம் தெரியாத எண்ணில் அழைப்பது அவர்களுக்கு ஒப்பவில்லை. அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். பெயர் இல்லாத தகவலில் இன்னொரு சிக்கல், திரும்ப அழைத்து "எப்போது சொன்னான், யார் கூட இருந்தார்கள்" என்று கேட்க முடியாது. இரண்டு வழியும் இருக்கட்டும். எண் மட்டும் போதும் என்று நிர்வாகம் கையைக் கழுவிவிடக் கூடாது.

பிப்ரவரி 27

சிதறிக் கிடக்கும் தகவல் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு வந்த விசாரணைக் குழு அறிக்கையைப் படித்தால் வயிறு எரியும். ஆங்கிலத் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு துண்டு தெரியும். விடுதியில் ஒரு துண்டு. வளாகக் காவல்துறைக்கு ஒன்று, ஆலோசனை மையத்துக்கு ஒன்று. தனியுரிமைச் சட்டம் பகிரக் கூடாது என்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். சட்டம் அவ்வளவு இறுக்கமாக இல்லை. அடுத்த ஆண்டே வர்ஜீனியா தன் அரசுக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட தகவல்களை எடைபோடும் மதிப்பீட்டுக் குழு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது, 2013இல் பள்ளிகளுக்கும் போட்டது.

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அதற்குச் சில மாதங்கள் முன் துப்பாக்கி தவறி வெடித்துக் காயப்பட்டு மருத்துவமனைக்குப் போயிருந்தான். மருத்துவமனையிலிருந்து காவல்துறைக்குத் தகவல் போகவில்லை. அதை மட்டும் வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது வேறு. பொதுமக்கள் சொல்வதற்குத் தெளிவான வழி வேண்டும், எதைக் கவனிப்பது என்று அரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விசாரணை ஆணையத்தின் பரிந்துரைகளில் உண்டு. 2022இல் அந்நாட்டு உளவு அமைப்பே அறிகுறிகளைப் பற்றிய கையேட்டைப் பொதுமக்களுக்காக வெளியிட்டது.

மார்ச் 2

நடைமுறைக்கு வருகிறேன், பலர் கேட்டுவிட்டார்கள்.

ஆயுதத்தோடு ஆள் கிளம்பிவிட்டான், இன்று செய்வேன் என்கிறான் என்றால் யோசனையே வேண்டாம், உடனே அவசர எண். மற்ற நேரங்களில் கேட்ட வார்த்தையை அப்படியே எழுதி வையுங்கள். "மோசமாகப் பேசினான்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. எந்த நாள், எந்த இடம், கூட யார், அவன் சொன்ன சொற்கள். இணையத்தில் பார்த்தது என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அந்தப் பதிவு ஒரு மணி நேரத்தில் காணாமல் போகும். நீங்களே துப்பறியக் கிளம்ப வேண்டாம், பையைத் திறந்து பார்க்க வேண்டாம், பொய்க் கணக்கில் போய்ப் பேச்சுக் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டவே வேண்டாம். அது தப்பாக இருந்தால் ஒரு மனிதனை அழித்துவிடும், சரியாக இருந்தால் அவனை உஷார்ப்படுத்திவிடும். நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம், நிச்சயப்படுத்துவது குழுவின் வேலை. ஒரு முறை சொல்லி ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றினால் இன்னொரு முறை, இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் ஆயுதம் இருந்தால் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கலிஃபோர்னியாவின் இஸ்லா விஸ்டாவில் 2014 மே மாதம் ஓர் இளைஞன் நடத்திய தாக்குதலுக்குச் சில வாரங்கள் முன்பு, மகனின் வீடியோக்களைப் பார்த்துப் பெற்றோர் பயந்து சொல்லி, போலீஸ் கதவு வரை வந்து பேசிவிட்டுத் திரும்பிவிட்டது. அதன் பிறகுதான் குடும்பமே நீதிமன்றத்தில் கேட்டு, துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் சட்டம் அங்கே வந்தது. 2016இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தண்டனை இல்லாமல் ஆபத்தைத் தள்ளி வைக்க ஒரு வழி இருந்தால் தாய் தகப்பன் தைரியமாக வருவார்கள்.

மார்ச் 5

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, தன் இடத்தில் கொடுத்த காகிதத்தில் ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது என்கிறார். அங்கிருந்தே தொடங்குங்கள். அந்த எண்ணை யார் எடுக்கிறார், இரவிலும் விடுமுறையிலும் யார் எடுக்கிறார், எடுத்தவர் அடுத்து யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள், சொன்னவருக்குப் பதில் வருமா, பெயரைக் காப்பார்களா, மனநல ஆலோசகர் குழுவில் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த பயிற்சிக்கு அந்தத் தொலைபேசியை எடுப்பவரையே நேரில் வந்து பேசச் சொல்லுங்கள். வர முடியாது என்றால், அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.